கோடு ஒரு மதமல்ல, அத்தை

மதிப்பிற்குரிய மதர் கிளெமான்ஸ் அவர்களுக்கு, அதாவது என் அப்பாவின் ஒரே அக்காவும், எனக்கு எழுத்துக் கற்றுத்தந்தவரும், இன்று எங்கள் மலையில் மிஞ்சியிருக்கும் ஒரே பள்ளியின் தலைவியுமான என் அத்தைக்கு,

ரிந்தலா எழுதிக்கொள்வது. இந்தக் குளிரிலும் உங்கள் முழங்கால் வலி அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அடங்காவிட்டால் உட்கார்ந்து படியுங்கள், கடிதம் நீளும். மடத்திலுள்ள சிஸ்டர்கள் எல்லோருக்கும் என் வணக்கம். சிஸ்டர் ஜோசஃபினுக்கு மட்டும் அரை வணக்கம். காரணம் கீழே வருகிறது. இங்கே ஜவாதும் யும்னாவும் நலம். நான் நலமில்லை. கோபத்துக்கு மருந்து கொடுக்கும் கடை ஏதாவது இருந்தால், சைதா நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் கணவரே எனக்கு வாங்கி வந்திருப்பார். இல்லை என்கிறார். ஆகவே எழுதுகிறேன்.

நேற்று மாலை உங்கள் சமையல்காரி வர்தே வந்தாள். கையில் ஒரு தட்டு நிறையக் கீரை அடைத்த ரொட்டி. தவக்காலத்து ரொட்டி என்று நினைத்து நான் சந்தோஷமாகக் கதவைத் திறந்தேன். "நான் தூதுதான், என் மேல பாயாதே," என்றாள் வாசலிலேயே. "மதர் சொல்லச் சொன்னாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நீ ஒண்ணைச் சொல்லணுமாம். கோயிலா, முற்றமா? சொல்லலேன்னா அடுத்த வருஷம் பொண்ணுக்கு இடம் இல்லையாம். ரொட்டி சூடா இருக்கு, ஆறறதுக்குள்ள சாப்பிடு." சொந்தத் தம்பி மகளின் குழந்தையைப் பள்ளியை விட்டு நீக்கும் செய்தியைக் கீரை ரொட்டியோடு அனுப்ப இந்த லெபனான் தேசத்தில் உங்கள் ஒருவரால்தான் முடியும். ரொட்டி நன்றாக இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கு வசதிப்பட்ட வரிசையில் தெரியும். என் வரிசையில் ஒருமுறை கேளுங்கள். மாரோனைட் கிறிஸ்தவப் பெண்ணான நானும் ஷியா பையனான ஜவாதும் கல்யாணம் செய்துகொள்ள நம் நாட்டில் ஒரு மேஜை கிடையாது. ஒன்று பாதிரியார் மேஜை, இல்லையென்றால் ஷேக் மேஜை. எனவே கடல் தாண்டிச் சைப்ரஸுக்குப் போய், பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஓர் அதிகாரியின் முன்னால் கையெழுத்துப் போட்டு வந்தோம். நீங்கள் அந்த வாரம் முழுக்க உபவாசம் இருந்ததாகச் சொன்னார்கள், எங்களுக்காகவா எங்களுக்கு எதிராகவா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. பிறகு இருவரும் அரசுப் பதிவில் எங்கள் மதம் இருந்த இடத்தை அடித்துவிடச் சொன்னோம். சட்டம் அனுமதிக்கிறது. குமாஸ்தா எங்களைச் சாவதற்கு முன் சொத்தைத் தானம் செய்பவர்களைப் போலப் பார்த்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். யும்னா பிறந்தபோது அவளுக்கும் அதே கோடு வந்தது. நான் இதை யாரிடமும் பறைசாற்றவில்லை, அத்தை. நான் ஒதுங்கி வாழ்கிறவள். பெய்ரூட்டிலிருந்து வரும் கையெழுத்துப் பிரதிகளுக்குப் பிழைதிருத்தி, மிச்ச நேரத்தில் புத்தகம் படித்து, பால்கனிக்குக்கூடப் பக்கத்து வீட்டு அந்துவானெத் உள்ளே போன பிறகே வருகிறவள். என் கோடு என் சொந்த விஷயம் என்று நினைத்திருந்தேன்.

உங்களிடம் அவளைச் சேர்த்தது ஆசைப்பட்டு அல்ல. ஊரில் ஓர் அரசுப் பள்ளி இருந்தது, நானும் அதில் படித்தேன், இன்று அங்கே ஆப்பிள் பெட்டிகள் படிக்கின்றன. கூரை ஒழுகியது, சரிசெய்யப் பணமில்லை என்றது அமைச்சகம், பிள்ளைகள் உங்களிடம் ஓடி வந்தார்கள், இத்தனை பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்துக்கொண்டீர்களே என்று அதே அமைச்சகம் உங்களுக்குப் பணம் அனுப்பியது, அந்தப் பணத்தில் நீங்கள் தேவாலயத்தின் கூரையை மாற்றினீர்கள். ஒழுகிய கூரைக்கு இல்லாத பணம் ஒழுகாத கூரைக்கு எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். "ஆண்டவர் வழிகாட்டினார்" என்றீர்கள். ஆண்டவருக்கும் அமைச்சகத்துக்கும் இத்தனை நெருக்கம் என்றால் மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, சேர்த்தேன். புதன்கிழமை மறைக்கல்வி வகுப்பு வந்தது. கிறிஸ்தவப் பிள்ளைகள் சிஸ்டர் ஜோசஃபினோடு கோயிலுக்கு, முஸ்லிம், துரூஸ் பிள்ளைகள் பந்தோடு முற்றத்துக்கு. அரசாங்கப் பணத்தில் ஒரு பாதிக்குச் சொர்க்கம், மறுபாதிக்குக் கால்பந்து. இதில் எந்தப் பாதிக்கு லாபம் என்று பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். சிஸ்டர் ஜோசஃபின் வகுப்புப் பட்டியலைப் பார்த்திருக்கிறார். யும்னாவின் பெயருக்கு நேராகக் கோடு. "நீ எந்தப் பக்கம், குழந்தே?" "ஜன்னல் பக்கம், சிஸ்டர்." "அதில்ல, உங்க வீட்ல என்ன கும்பிடறாங்க?" குழந்தை நன்றாக யோசித்துவிட்டு, "அம்மா தூங்கும்போது யாரும் சத்தம் போடக் கூடாது," என்றிருக்கிறாள். அதற்குத்தான் சிஸ்டருக்கு அரை வணக்கம். என் மகளுடைய பதிலைச் சிரித்துச் சிரித்து ஊர் முழுக்கச் சொன்னது அவர்தானே!

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். கோயிலுக்கும் முற்றத்துக்கும் நடுவில் இருக்கும் நடைக்கூடத்தில் ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி, "கோடு இங்கே உட்காரட்டும்" என்றீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு உங்கள் மேல் கோபமே வரவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. இந்தத் தேசத்தில் எந்தப் பக்கமும் சாயாத ஓர் இடம், ஒரு நாற்காலி அளவுக்காவது, இருக்கிறதே என்று ஜவாதிடம் இரவு உணவின்போது ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். "குழந்தை பந்து விளையாடினா குடியரசு ஒண்ணும் விழுந்துடாது, ரிந்தலா," என்றார் அவர். "முற்றத்துக்கு அனுப்பினா அது அவங்க போட்ட கோட்டை ஒத்துக்கற மாதிரி," என்றேன். "எந்தக் கோடு? நாம போட்டதா, அவங்க போட்டதா?" என்று கேட்டுவிட்டுத் தக்காளியை நறுக்கப் போய்விட்டார். மருந்துக்கடைக்காரர்களுக்கு எதிலும் சிறு அளவு போதும்.

யும்னாவும் குதித்துக்கொண்டுதான் வந்தாள். நடைக்கூடத்தில் வர்தே அடுப்பிலிருந்து நேராகச் ஸஃதர் மூலிகை தூவிய சூடான ரொட்டி தருகிறாளாம், பாடம் முடிந்ததும் மணி அடிக்கும் உரிமை நாற்காலியில் இருப்பவருக்குத்தானாம், அங்கே படம் போட்ட புத்தகம் எது வேண்டுமானாலும் படிக்கலாமாம். இதை வீட்டில் சொன்னதோடு நிறுத்தினாளா? வகுப்பு முழுவதும் சொன்னாள். எழுதத் தெரிந்த நாளிலிருந்து மதம் என்ற கட்டத்தை நிரப்பியே பழகிய பிள்ளைகள், அதில் கோடு இருந்தால் கோடு என்றே ஒரு மதம் இருப்பதாக முடிவு செய்துவிட்டார்கள். இதில் அவர்களுடைய தப்பு என்ன, அத்தை? வேறு எந்த நாட்டுப் பிள்ளை வெற்றிடத்தைப் பார்த்துக் கும்பிடும்? நம் பிள்ளைகள்தான், நாம் வளர்த்த பிள்ளைகள்.

முதலில் அந்துவானெத்தின் மகன் பாட்ரிக் சேர்ந்தான். காலையில் அவள் பால்கனியிலிருந்து மலைக்கே கேட்கும்படி கத்தினாள்: "அடியே ரிந்தலா! என் பையன் ஞானஸ்நானத்தைத் திருப்பிக் குடுக்கணுங்கறான்! அதை எங்கடி போய்க் குடுக்கறது?" மறுநாள் கீழ்த்தெருவிலிருந்து உம்மு மாஹிர் வந்தாள். "கோட்டுக்காரங்களுக்கு மத்தியானம் வரைக்கும்தான் நோன்பாம், அப்புறம் சாக்லெட்டாம். யார் குடுத்த ஃபத்வா இது? உன் பொண்ணு குடுத்ததா?" ஆமாம், என் பொண்ணு கொடுத்ததுதான். ஒன்பது வயதில் தலைவியாகிவிட்டாள். தலைவி வந்தால் நம் ஊரில் அடுத்து என்ன வரும்? பங்கு வரும். வகுப்புத் தலைவர் பதவி கிறிஸ்தவனுக்கு, துணைத் தலைவர் முஸ்லிமுக்கு என்று நீங்களே பழக்கியிருந்தீர்கள். கரும்பலகை துடைக்கும் பொறுப்பு கோட்டுக்கு வேண்டும் என்றார்கள் இவர்கள். அது கிடைத்ததும் அது போதாது என்றார்கள். அப்புறம் நேர்கோடா சாய்கோடா என்ற சண்டையில் இரண்டாகப் பிரிந்து, பாட்ரிக் தலைமையில் சாய்கோட்டுக்காரர்கள் குடிநீர்த் தொட்டிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். யும்னாவைத் தவிர மொத்தமே ஏழு பேர். நம் தேசத்தின் சரித்திரத்தை அவர்களுக்கு யாருமே பாடமாக நடத்தவில்லை, பாவம், தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இது வரை சிரிப்புதான். இனிமேல்தான் நான் கத்தப்போகிறேன்.

பெய்ரூட்டிலிருந்து அமைச்சகத்து ஆய்வாளர் வந்தார், ஞாபகம் இருக்கிறதா? அரசுப் பணம் வாங்குகிறீர்களே, குடிமைப் பயிற்சி வகுப்பு எங்கே நடக்கிறது, காட்டுங்கள் என்றார். அன்று புதன்கிழமை. உங்களிடம் அப்படி ஒரு வகுப்பும் கிடையாது, அதற்கு ஆசிரியரும் கிடையாது. நீங்கள் கொஞ்சமும் தயங்காமல் அவரை நடைக்கூடத்துக்கு அழைத்துப் போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மகளைக் காட்டி, "இதுதான் எங்க குடிமைப் பயிற்சி" என்றீர்களாமே! இடப்பக்கம் சங்கீதம், வலப்பக்கம் கால்பந்து, நடுவில் குடிமகள். ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டதாம். யும்னா கையில் சிறிய தேசியக் கொடி ஒன்றைக் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டு, உங்கள் பணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் போனாராம். இதை எனக்கு வர்தே சொன்னாள். "மதர் எவ்வளவு கெட்டிக்காரங்க பாரு!" என்று சொன்னாள். நீங்கள் கெட்டிக்காரர்தான், அத்தை. என் குழந்தையின் கோட்டைக் காட்டி வாங்கிய பணத்தில் சிஸ்டர் ஜோசஃபின் மறைக்கல்வி நடத்துகிறார். இது எந்தக் கணக்கு? மதம் வேண்டாம் என்று நான் சொன்னதுகூட உங்கள் மதத்துக்கு வருமானம் என்றால், வேண்டாம் என்று சொல்ல நான் இனி எங்கே போவேன்?

அதோடு விட்டீர்களா? குடிமைப் பயிற்சி அவ்வளவு உயர்ந்தது என்று ஆய்வாளர் எல்லார் முன்னாலும் பாராட்டியதைக் கேட்ட பிள்ளைகள், அடுத்த புதன்கிழமை ஏழு பேரும் ஆளுக்கொரு நாற்காலியை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு நடைக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். சாய்கோட்டுக்காரர்களும் சமாதானமாகி வந்தார்கள். நாற்காலிக் கால்கள் தரையில் தேய்ந்த சத்தத்தில் கோயிலுக்குள் பாட்டு நின்றுவிட்டது, முற்றத்தில் பந்தும் நின்றுவிட்டதாம். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு குடிமகள் என்றால் அழகு, ஏழு குடிமக்கள் என்றால் கலகம். ஏழு நாற்காலிகளும் திரும்பப் போயின, கோடு என்ற சொல்லே பள்ளியில் கேட்கக் கூடாது என்றீர்கள், யும்னா மட்டும் தனியாக அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலையே என் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். பாதிரியார், ஷேக், ஊர்ப் பதிவுகளை வைத்திருக்கும் முக்தார். ஊற்றுத் தண்ணீர் யார் பக்கம் முதலில் திரும்ப வேண்டும் என்பதில் இத்தனை காலமும் ஒத்துப்போகாத பாதிரியாரும் ஷேக்கும் என் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து, தப்பு முழுக்க என்னுடையதே என்பதில் ஒரே வார்த்தையாக இருந்தார்கள். தேசிய ஒற்றுமைக்கு நான் செய்த சேவை அது. முக்தார்தான் அன்பானவர். "பயப்படாதே, மகளே," என்றார். "நாட்டுல பதினெட்டு மதப் பிரிவு இருக்கு. பத்தொன்பதாவதாப் பதிவு பண்ணிடலாம். பேர் என்ன, பெருநாள் எப்போ, தலைவர் யாரு, இதை மட்டும் சொல்லிடு."

"அது மதம் இல்ல, மாமா. ஒண்ணும் இல்லேங்கறதுக்கு அடையாளம்."

"புரியுது, புரியுது. ஆனா ஒண்ணும் இல்லாதவங்க செத்துப்போனா எங்க புதைக்கறது? அதுக்காவது ஒரு ஆளு வேணுமில்ல?"

"தலைவிக்கு ஒன்பது வயசுதான் ஆகுது," என்றார் ஜவாத், சமையலறையிலிருந்து. அவருக்கு இதெல்லாம் வேடிக்கை.

"அதனால என்ன? மத்த இடத்துலெல்லாம் அப்பன்கிட்டேருந்து பையனுக்குத்தானே போகுது. பொண்ணுன்னா ஒரு புதுமையா இருக்கும்!" என்று சொல்லிவிட்டு இரண்டாவது காபி கேட்டார்.

நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். கூட்டம் என்றால் எனக்கு மூச்சு முட்டும். சின்ன வயதில் உறவினர்கள் வந்தால் நான் புத்தகத்தோடு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன், நீங்கள்தான் தட்டில் பழம் வைத்து யாருக்கும் தெரியாமல் உள்ளே நீட்டுவீர்கள். அந்த நீங்களா என் கூடத்தை ஊர்ச் சாவடியாக்கியது? இப்போது ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரர் "கோட்டுக்காரங்களுக்கு எந்த ரொட்டி ஆகும்?" என்று கேட்கிறார். நான் ரொட்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். வந்து, உங்களுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மாடிப்படியிடம் சொல்கிறேன்.

ஆகவே, மதர் கிளெமான்ஸ் அவர்களே, வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றே என் பதில். கோயிலும் இல்லை, முற்றமும் இல்லை. எங்கள் வரியிலிருந்து பணம் வாங்கும்போது அது எந்த மதத்துப் பணம் என்று நீங்கள் கேட்டதில்லை. என் மகள் எந்த மதத்துப் பிள்ளை என்றும் கேட்காதீர்கள். அந்த நடைக்கூடத்தில் என் மகள் நிம்மதியாக இருக்கிறாள், சூடான ரொட்டியோடும் மணியோடும் புத்தகத்தோடும் இருக்கிறாள், எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கிறாள். அந்த நாற்காலியை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் அமைச்சகத்துக்கு எழுதுவேன், பத்திரிகைக்கு எழுதுவேன், தேவைப்பட்டால் ரோமாபுரிக்கும் எழுதுவேன். பிழையில்லாமல் எழுதுவேன், அதுதான் என் தொழில். அவளுக்கு இடம் இல்லை என்றால் வீட்டிலேயே உட்கார வைத்து நானே கற்பிப்பேன். இருப்பது ஒரே பள்ளி என்பதற்காகக் குழந்தையை மண்டியிட வைக்க மாட்டேன். இது என் முடிவு. மாறாது.

உங்கள் ஜெபங்களில் எங்களை மறக்காதீர்கள். மறந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். மடத்து எலுமிச்சை மரம் இந்த வருஷமாவது காய்க்கட்டும். முழங்காலுக்கு ஜவாத் ஒரு தைலம் கொடுத்திருக்கிறார், இதோடு அனுப்புகிறேன், படுக்கப் போகும்போது சூடு பறக்கத் தேயுங்கள். வர்தேயின் தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். கைகளில் முத்தங்களுடன், கோபம் குறையாத உங்கள் மருமகள்,

ரிந்தலா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் யும்னா கணப்பின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். அவளுக்குப் பிடிக்கும் என்று நாற்காலியைப் பற்றிய இடத்தை மட்டும் உரக்கப் படித்துக் காட்டினேன், ரொட்டி, மணி, புத்தகம். அவள் கையுறையை மாட்டினாள், கழற்றினாள். "வர்தே ரொட்டி குடுத்தது ஒரே ஒரு தடவைதான், அம்மா," என்றாள். மணி? "மணி எப்பவும் வர்தேதான் அடிப்பா. எனக்கு எட்டாது." புத்தகம்? "அங்க விளக்கு இல்ல." அப்புறம் ஏன் எல்லோரிடமும் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அப்படிச் சொன்னா யாராவது வருவாங்கன்னு. ஒரு புதன்கிழமை எல்லாரும் வந்தாங்கல்ல, அன்னிக்கு நல்லா இருந்துச்சு." என்னிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ அப்பாகிட்ட அந்த நாற்காலியைப் பத்திச் சந்தோஷமாச் சொல்லிட்டிருந்தே," என்றாள். போன வாரம் அங்கே அவள் அழுததைப் பார்த்தது நீங்கள்தானாம். கோயிலா முற்றமா என்று அவளிடமே முதலில் கேட்டது நீங்கள்தானாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சியது அவளாம். இதை எல்லாம் மறைத்து வைத்துக்கொண்டு, என் ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொள்ளத்தான் கீரை ரொட்டி அனுப்பினீர்களா?

மேலே எழுதியதைக் கிழித்துவிடுங்கள். ஆப்பிள் பெட்டிகளையும் கூரையையும் ஆய்வாளரையும் பற்றி எழுதியதை மட்டும் கிழிக்க வேண்டாம், அதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. அதை அமைச்சகத்துக்குத் தனியாக எழுதுகிறேன். கோடு எங்கள் பதிவில் அப்படியே இருக்கட்டும், அது என்னுடையதும் ஜவாதுடையதும். பெரியவளானதும் வேண்டுமா என்று அவளே முடிவு செய்யட்டும். நாற்காலியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இந்தப் புதன்கிழமையிலிருந்து அவள் முற்றத்துக்கு வருவாள். கோல்கீப்பர் இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறாள். அது எந்தச் சமூகத்துக்கு ஒதுக்கிய இடம் என்று மட்டும், அத்தை, அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.